ஏழாம் நிலை

வாத்தியம் பார்க்கும் நாள் மகனுக்குத்தான்.
பூர்க்டோர்ஃப் இசைப்பள்ளியில்
அரிச்சுவடிபோல
கதவுக்கொரு படம் ஒட்டியிருந்தார்கள்.
ஒன்பது வயது நிகேதன்
வயலினை வாங்கி மோவாயில் வைக்காமல்
மடியில் வைத்துப் பார்த்தான்.
ஓபோவை ஊதினான், வாத்து வந்தது.
செல்லோவுக்கு வரிசை நீளம்.
"பசிக்குது" என்றான்.

பின்னால் நான்,
அவனுடைய ஜாக்கெட்டைச் சுமந்துகொண்டு,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
காலை வேலை முடித்த கைகளோடு.

பதினோராம் அறையில் ட்ரொம்போன்.
சொல்லிக்கொடுக்கும் பெடியன் ரேத்தோவுக்கு
இருபத்தைந்து இருக்கும், காதில் வளையம்.
நிகேதன் தலையாட்டி மறுக்க
"அப்ப நீங்கள்?" என்று என் பக்கம் நீட்டினான்.

சற்றுமுன்தான் துடைத்த ஊதுவாய்.
துடைத்தாலும் எச்சில் எச்சில்தான்.
செம்பு உதட்டில் படாமல்
அண்ணாந்து குடிக்கப் பழகிய வாய் இது.
மெழுகுதிரி ஊதி அணைத்த கேக்கில்
எனக்குத் தரும் துண்டை
மெல்லக் கடதாசியில் சுற்றி வைத்துவிடுகிறவள் நான்.

"முத்தம் மாதிரி இல்லை.
உதட்டில் ஒட்டிய தேயிலைத் துணுக்கைத்
துப்புகிற மாதிரி."

துப்பினேன்.
வந்ததை இசை என்று சொல்லமாட்டேன்.
லொறி பின்னுக்கு எடுக்கிற மாதிரி ஒன்று.
ஆனால் விலா எலும்பு அதிர்ந்தது,
ஜன்னல் கண்ணாடியும்.
நிகேதன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
நாற்பத்து மூன்று வருடமாக
எனக்குள் இவ்வளவு சத்தம் இருந்தது
எந்த ஸ்கேனிலும் வரவில்லை.

மாத வாடகை முப்பத்தைந்து பிராங்க்.
கட்டட விதிப்படி மதியம் சத்தம் கூடாது,
இரவு எட்டுக்குப் பிறகும் கூடாது.
மிஞ்சியது நிலவறையின் சலவை அறை;
இரண்டு கிழமைக்கு ஒருநாள் சாவி என் பெயரில்.
மெஷின் சுற்றத் தொடங்க
நானும் தொடங்குவேன்.

மூன்றாம் மாடி ஸும்ஸ்டைன் அம்மாள்
ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
மெஷின் பழுதென்று
நிர்வாகத்துக்கு எழுதியே விட்டாராம்.
கையிலிருந்த பித்தளையைப் பார்த்தார்.
"அக் ஸோ" என்றார்.
படியில் பாதி ஏறிப்போய்த் திரும்பினார்:
"வியாழன் என்னுடைய முறை.
எனக்குத் துணி குறைவு."

இதில் துளை இல்லை, கட்டை இல்லை.
நீளும் குழாயை எங்கே நிறுத்துவது என்று
ஒரு கோடுகூடக் கிடையாது.
கையும் காதும் சண்டைபிடித்து முடிவுக்கு வரவேண்டும்.
ஏழு நிலை, ராஜகோபுரம் மாதிரி.
முதல் நிலையில் கை வாயருகே.
மூன்றில் மணியின் விளிம்புக்குச் சற்று முன்.
ஐந்தில் தோள் இழுபடும்.
ஆறில் முழங்கை நிமிர்ந்து
கை முடிந்துவிடும்.
ஏழுக்கு நாலு விரற்கடை குறைகிறது.

"வால்வு வைத்தது ஒன்று இருக்கிறது,
கை நீட்டவே தேவையில்லை" என்றான் ரேத்தோ.
அதற்கு அறுபது பிராங்க்.
வேண்டாம் என்றேன். காசுக்காக மட்டும் இல்லை.

குழாயின் வளைவில் ஒரு சின்ன மூடி;
அழுத்தினால் சொட்டும்.
எச்சில் இல்லையாம், குளிர்ந்த மூச்சாம்.
எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறானாம்.
வடிகாலுக்கு நேரே பிடித்து வடிப்பேன்.
நிகேதனும் வந்து
"நான் திறக்கிறன், நான் திறக்கிறன்" என்பான்.
இதுவரை அவன் கற்ற இசை அவ்வளவுதான்.

ஏழாம் நிலையில் குடியிருக்கும் சுரத்துக்கு
ஜேர்மனில் பெயர் ஏ.
எங்களுக்கு அது ஆளைக் கூப்பிடும் எழுத்து.
நேற்று, வியாழன்,
விரல் நுனியால் குழாயைத் தள்ளி
நழுவவிட்டு
ஊதினேன்.
ஏ
என்று அரை நொடி வந்தது,
அடிவயிற்றிலிருந்து, யாரையோ.

பிறகு குழாய் கழன்று
மெஷினில் மோதித் தரையில் உருண்டது.
நெளிவு எடுக்க எவ்வளவு கேட்பார்களோ.
மேலே, மூன்றாம் மாடியில்,
ஒரு ஜன்னல் திறந்தது.