தள்ளுவண்டியின் அடிப்பக்கம்

சுகாதார மையத்தில் தந்த தாளில்
தாய்மார் கூட்டம், செவ்வாய் காலை பத்து மணி.
கார் துக்மில், அவரோடு.
(அந்த ஊர்ப்பெயரை நான் அழுத்திச் சொல்வதில்லை.)
வெளியே ரூவி கொதிக்கிறது.

பிள்ளைக்கு முப்பத்தோரு நாள்.
அவள் அழுகிறாள், நானும்.
ஏசி மட்டும் ஒரே சுருதியில்.

கதவைத் தட்டியது ஐந்தாம் மாடி ஷகுஃப்தா.
பெயரையே பிறகுதான் கேட்டேன்.
ஒரு கையில் சோம்புத் தண்ணீர்,
மறு கையில் தள்ளுவண்டி.
முன்சக்கரம் கீச்சிடும்.
லிஃப்டில் ஏற்றி மேலும் கீழும் போ என்றாள்,
பாதி இந்தி, பாதி கைச்சாடை.

மூன்றாவது சுற்றில் தூங்கிப்போனாள் என் மகள்.

துடைக்கக் கவிழ்த்தபோது
அடிப்பலகையில் மார்க்கர் எழுத்து:
504. 207. 611.
மலையாளத்தில் ஒரு பெயர், பக்கத்தில் பூ.
302,
வாங்கிய தேதி,
மறுநாளே திருப்பிய தேதி.

யாரிடமும் கேட்கவில்லை.
மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றால்
முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பேன்.

நேற்று 302 வந்தாள்,
தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியோடு.
தரையில் உட்கார்ந்து
சொட்டுச் சொட்டாய் விட்டு
உருட்டிப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்சம் கீச்சிடுகிறது.
நாளைக்கும் வருகிறேன் என்றாள்.