ஆயிரத்து நாற்பத்து மூன்று

மார்த்தாண்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின்
ரத்த வங்கி அறையில்
ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது.
அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
இந்த எண் யார்?
அதையும் ஒரே வாசலில்தான் கேட்கும்.
"எனக்குத் தெரியாது, அடுத்த ஊரில் விசாரி" என்றால்
போகாது, மல்லுக்கு நிற்காது,
"யாருமில்லை" என்று எழுதிவிட்டு
தன் வேலையைப் பார்க்கும்.

தூக்கிப் போடவும் வழியில்லை.
ரத்தப் பைகளைக் குளிரில் வைத்திருக்கும் பெட்டி
இதனோடு மட்டும்தான் பேசும்.
பெட்டி செய்த கம்பெனி
எப்போதோ கடையைச் சாத்திவிட்டது.

சித்திரையில்,
பாறசாலை ஆஸ்பத்திரியை நாங்கள் நம்புவதென்று முடிவானது.
அங்கத்து ஆட்கள் இங்கே உள்ளே வரலாம்.
எங்களை அவர்கள் நம்புவது பற்றி
பிறகு பேசலாமாம்.
களியக்காவிளையில் வீடு எனக்கு.
செக்போஸ்டில் அந்தப் பக்கம் போகும் கோழி வண்டியை நிறுத்தி
கூண்டு கூண்டாக எண்ணுவார்கள்.
காலி வண்டி திரும்பும்போது
யாரும் தலைகூட நிமிர்த்துவதில்லை.

முதல் இரவே குளறுபடி.
பாறசாலையிலிருந்து வந்த நர்ஸ் ரெஜிலா
இரண்டு மணிக்கு ஓ நெகட்டிவ் ஒரு பை எடுத்தாள்.
காலையில் பதிவில் இருந்த பெயர்
கெஸ்பர் லாரன்ஸ்.

கெஸ்பர் மஸ்கட் போய் நாலு வருஷம்.
போன் போட்டேன்.
"ரத்தமா? நானா?
மக்கா, ராத்திரி முழுக்க
ஏசி பிளான்ட்டுக்குள்ள நிக்கேன் நான்."

அவனுக்கு இங்கே 1043.
அவளுக்கு அங்கே 1043.
இரண்டு ஊரும் ஆயிரத்தில் எண்ணத் தொடங்கின,
அவ்வளவுதான் குற்றம்.

அக்கரை எண் ஒவ்வொன்றோடும்
இரண்டு லட்சம் கூட்டினேன்.
பெயரோடு ஊரையும் சேர்த்து அனுப்பினேன்.
எட்டெழுத்துக்கு மேல் விழுங்காத மெஷின்
ஊரைப் பாதியில் துப்பியது.
சுருக்கினேன்: பா.ரெஜிலா.

திரையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்,
"எங்க அச்சன் சுகுமாரன்.
இந்த 'பா' யாரு சார்?"
பாறசாலை என்றேன்.
ஊரை இனிஷியலாகப் பெற்றவள்
கையுறையை உருவிக்கொண்டே சிரித்தாள்.

மெஷினுக்கு நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.
வாசலில் நிற்கிறவனைத்தான் மாற்றினேன்.
அது வழக்கம்போல் தட்டும்.
இவன் "ஒரு நிமிஷம்" என்றுகூடச் சொல்லாமல்
பின்கதவு வழியாக எல்லை தாண்டி ஓடி
கேட்டு, எண்ணை மாற்றி, பெயரைக் குறுக்கி
மூச்சு வாங்குவது தெரியாமல் பதில் சொல்வான்.
எல்லோரும் உள்ளூர்க்காரர் என்றே
அது இன்றுவரை நம்புகிறது.

ஆனி மழையில்
குழித்துறையில் ஒரு ரப்பர் மரம் கேபிள் மேல் சாய்ந்தது.
பத்து நொடிதான் பொறுமை மெஷினுக்கு.
பதினொன்றாவது நொடியில்
பாறசாலைக்காரர் ஆறு பேரும் யாருமில்லை.

அதனால் வாசலுக்கு ஞாபகம் கொடுத்தேன்.
எவ்வளவு நேரம் என்பதில் இரண்டு நாள் போயிற்று.
ஒரு மணி என்றால் மழை வென்றுவிடும்.
ஒரு நாள் என்றால்,
நேற்று வேலையை விட்டுப் போனவருக்கும்
இன்று நாங்கள் ஜாமீன் நிற்போம்.
நான்கு மணி என்று எழுதினேன்.
காரணம் கேட்டால்
எட்டு மணி டூட்டியில் பாதி என்பேன்.
உண்மையில் காரணம் இல்லை.

ஆடியில் ரெஜிலா அயர்லாந்து போனாள்.
நண்பகலில் பாறசாலை அவள் பெயரை நீக்கியது.
என் பதிவில் இருக்கிறது:
மூன்று நாற்பதுக்கு மெஷின் கேட்டது,
2,01,043 யார்?
பா.ரெஜிலா.
நாலு பத்துக்கு மறுபடியும் கேட்டது.
யாருமில்லை.

அவள் கையெழுத்திட்ட பைகள் ஆறு
அப்போதும் குளிரில் இருந்தன.
ஒவ்வொன்றின் லேபிளிலும்
யாருமில்லை, யாருமில்லை என்று
அச்சாகி வந்தது.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
அன்றிரவு ஒரு விதி சேர்த்தேன்.
இந்த எண்ணை இனி எவருக்கும் கொடுக்காதே.
வந்து தட்டினால் திறக்காதே.
யாரென்று கேட்டால் மட்டும்
பெயரைச் சொல்.