ஒற்றைச் செருப்பு

விசுவமடுப் பள்ளிக்கூட வளவு, இரவு ஒன்றரை.
ஜெனரேற்றர் இரண்டு தரம் நின்று
மூன்றாந்தரம் இருமிக்கொண்டு எழும்புகிறது.
நான் மந்திரி.
இளவரசன் ஒளித்திருக்கும் வைக்கோற்போரை
விரலால் காட்டிக் கொடுப்பது என் பாட்டு,
பதினொரு வரி, கடைசி வரி இரண்டு தரம்.

அண்ணாவியார் தாளத்தை இறக்குகிறார்.
கச்சான் உடைக்கும் சத்தம் நிற்கிறது.
முன்பாயில் ஒரு பொடியன், "டேய், சொல்லாதை!"
பின்னுக்கு, மோட்டார்சைக்கிள்களில் சாய்ந்திருந்தவர்களும்
சிரிக்கவில்லை.

விரலை நீட்டினேன்.

நீலச் செருப்பு ஒன்று
லைற் வெளிச்சத்துக்குள்ளால் பறந்து வந்து
என் தலைப்பாகையைத் தட்டி விழுந்தது.
ஆர்மோனியக்காரர் சுருதி பிசகவில்லை.
நானும் இரண்டாந்தரம் பாடினேன்,
முதற்தரத்தை விட நல்லாய்.

அதுக்குப் பிறகு இளவரசனுக்கு
ஐந்நூறு, ஆயிரம் என்று நெஞ்சில் குத்தினார்கள்.
எனக்கு அந்தச் செருப்புத்தான்.

காலமை ஏழு மணி, அரிதாரம் பாதி போகாத முகத்தோடு
கிணற்றடியில் நிற்கிறேன்.
தவமலர், சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிறவ,
ஒரு காலில் மட்டும் செருப்போடு படலையைத் திறந்தா.
"மன்னிப்புக் கேக்க வரேல்ல.
செருப்பைத் தாரும்."

கழுவி வைத்திருந்தேன். கொடுத்தேன்.
போட்டுக்கொண்டு, போகாமல் நின்றா.
"அந்தப் பிள்ளை அங்கை இருக்கிறான் எண்டு
உமக்கு ஆர் சொன்னது?"

பாட்டில் அது இல்லை.
பதினொரு வரியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.
கயிற்றில் ஆடிய வாளி
என் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது.