முகவரி மட்டும்

கையால் திருத்த வேண்டாம்,
திருத்தினால் அழிந்துபோகும்
என்பதுதான் அந்தக் கோப்பின் முதல் வரி.
டிராஹொமீரா படித்தாள்.
கையாலேயே திருத்தினாள்.

மூன்றே வரிக் கோப்பு.
பேர் சொன்னால் எண் சொல்பவர் யார்,
எங்கே இருக்கிறார்; அவ்வளவுதான்.
இணைய நிறுவனம் கொடுத்த ஆள் ஒருவன் இருந்தான்.
ஓர் எழுத்துப் பிசகினால் போதும்,
அப்படி யாருமில்லை என்று சொல்லத் தெரியாமல்
திரைச்சீலைக் கடையில் கொண்டுபோய் உட்காரவைப்பான்.
அவன் எண்ணை அடித்துவிட்டு
சரக்கறையில்
வெள்ளரி ஊறும் சாடிகளுக்கும் பிளம் ஜாமுக்கும் நடுவே
பச்சை விளக்கோடு முழித்திருக்கும்
தன் சின்னப் பெட்டியின் எண்ணை எழுதினாள்.
அது வேரிலிருந்து விசாரித்துக்கொண்டு வரும்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்.

வேலை செய்தது.
ஆறு மணி நேரம் வேலை செய்தது.

பன்னிரண்டு மணிக் குத்தகை.
பாதியிலேயே கணினி போய்க் கேட்கும்:
இந்த எண்ணில் நானே இருந்துகொள்ளட்டுமா?
இரு, என்கும் ரௌட்டர்.
என்றுவிட்டு, கேட்காமலேயே,
வழி கேட்பதென்றால் இன்னாரிடம் கேள் என்றும் சொல்லும்.
கோப்பு புதிதாய் எழுதப்படும்.
திரும்பவும் திரைச்சீலை.

கீழே வாசலில் அழைப்புமணிப் பலகை.
நான்காம் மாடி: குபானெக்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்,
அவள் இன்னும் ஷெபெஸ்தீகோவாதான்;
பதிவு மேசையிலேயே சொல்லிக் கையெழுத்திட்டது.
துண்டுக் காகிதத்தில் எழுதிச் செருகுவாள்.
குடியிருப்புச் சங்கத்து ஹர்த்லிச்கா
வசந்தத்துக்கு வசந்தம் பலகையைத் துடைத்து
புதிதாய் அச்சடித்து ஒட்டுவார்.
கெட்ட மனிதரல்ல.
"பட்டியல் இப்படித்தான் வருகிறது" என்பார்.
வெந்நீர்க் கணக்கிலும் அவள் குபான்கோவா.
யாரந்தக் குபான்கோவா,
இவ்வளவு வெந்நீர் செலவழிப்பவள்?

"கோப்பைப் பூட்டிவிடேன்" என்றான் விராதிஸ்லாவ்.
பூட்டினாள்.
எழுத முடியாது, அழிக்கவும் முடியாது.
நான்கு நாள் நிம்மதி.
பதிவேட்டில் மட்டும் ஆறு மணிக்கொரு முனகல்:
எழுதப் பார்த்தேன், முடியவில்லை.
ஐந்தாம் நாள்
அலுவலகத்தின் தனிவழி இணைப்பு திறக்க மறுத்தது.
அதற்கும் அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதவேண்டுமாம்.
சண்டைக்காரனுக்குப் போட்ட பூட்டு
சம்பளம் கொடுப்பவனையும் வெளியே நிறுத்தியிருந்தது.

ஞாயிறு.
பெத்ரோவ் குன்றுத் தேவாலயம்
பதினொன்றுக்கே நண்பகல் மணி அடித்தது.
பிர்னோவில் அப்படித்தான்;
என்றைக்கோ நடந்த முற்றுகையின் ஞாபகம்.
அதற்காக யாரும் கடிகாரத்தைத் திருப்புவதில்லை,
மணியையும் நிறுத்துவதில்லை.

இணைப்பின் அமைப்புகளில், இழுத்தால் விரியும் பட்டியலில்,
இத்தனை நாள் கண் தாண்டிப்போன வரி ஒன்று:
தானியங்கி, முகவரி மட்டும்.

முகவரி மட்டும்.
வாய்விட்டுப் படித்தாள்.
இடம் கொடு, இருந்துகொள்கிறேன்.
வெளியே போகும் வாசல் எதுவென்று காட்டு.
நன்றி.
யாரிடம் கேட்பது என்பது என் பாடு.

சரக்கறை எண்ணைக் கீழே இட்டாள். சேமித்தாள்.
இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேர்த்தாள்.
மாலையில் எட்டிப் பார்த்தாள்: இருந்தது.
காலையில், காப்பிக்கு முன்னால்: இருந்தது.
முதல் வரி மட்டும் மாறவில்லை,
கையால் திருத்த வேண்டாம்.
சரி, வேண்டாம்.
எழுதுகிற கையிடமே சொல்லியாயிற்று.

திங்களன்று படியிறங்கும்போது
துண்டுக் காகிதம் எடுத்துப்போகவில்லை.
இரண்டாம் மாடியில் நின்று
ஹர்த்லிச்காவின் கதவைத் தட்டினாள்.

"அந்தப் பட்டியல்
எங்கிருந்து வருகிறது?"