இரண்டாவது தட்டு

மூன்று மணிக்கே கறண்ட் போய்விட்டது.
புளியந்தீவு மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டி நான்கு,
சுருள் பிரிக்காத வயர்,
நான்.
றிப்கான் டீசல் எடுக்கக் காத்தான்குடிக்குப் போய்விட்டான்.
பரிசளிப்பு ஆறு மணிக்கு.

மேடையின் இடது மூலையில் பியானோ.
வாவிக் காற்றில் உப்பு ஏறி
கட்டைகளில் இரண்டு ஊமை.
மருந்துக்கடையில் பில் போடுகிற ஹேசல் பல்தசார்
வேலை உடுப்போடே வந்து மூடியைத் தூக்கினாள்.
என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும்
மேசை கதிரையோடு சேர்த்துத்தான் பார்த்திருப்பாள்.

மூன்று எண்ணிக்கை. அது உடனே பிடிபட்டது.
தகிட, தகிட என்று தொடையில் போட்டேன்.
பிழைத்தது.
இருபது வருசமாய்க் கலியாண வீடுகளில் பைலா ஒலிக்கவிட்டவன்,
எந்த அடியில் எவன் செருப்பைக் கழற்றுவான்
என்பது வரைக்கும் தெரிந்தவன்.
என் தட்டு முதலில் விழுகிறது,
அவள் கனம் 'கி'யில்.
இருட்டில், படி முடிந்ததென்று வைத்த கால்
இன்னும் ஒரு படி இறங்குகிற மாதிரி.
சரி, இரண்டு என்று நான் காத்திருக்க
அது மூன்றில் வந்து நின்று
என்ன என்று கேட்கிறது.

இடது கையில் இரண்டே சுரம்,
நகராது, சுருதிப்பெட்டியை
நிறுத்த மறந்த வீடு போல.
அதன் மேலே வலது கை
மத்திமத்துக்கு வரும்போதெல்லாம் அரைப் படி ஏற்றி மிதிக்கிறது.
விரல் வழுக்கியது என்றுதான் நினைத்தேன்.
திரும்ப வந்தபோதும் அதே இடத்தில் அதே காரம்.

பிறகு வெளிச்சமான ஒரு துண்டு,
குதிகாலைத் தரையில் சத்தமாய் ஊன்றுகிற ஆட்டம்.
பாவாடை சுழலத் தொடங்கும் முன்னே
ஒரு சுரத்தில் கை நின்றது.
தவறவில்லை. தாளத்திடம் கடன் வாங்கினாள்,
அடுத்த அடியில் அவசரமாய்த் திருப்பிக் கொடுத்தாள்,
முழுவதும் அல்ல.

முதல் மெட்டே மறுபடி.
அதே சுரங்கள், ஊமைக் கட்டையின் அதே 'டொக்'.
ஆனால் இப்போது
ஆட்டம் முடிந்து கதிரை அடுக்கும் நேரத்தில் கேட்பது போல.
அழுகை என்று சொன்னால் பொய்.
ஆட உடுத்திக்கொண்டு, சப்பாத்து வாரும் இறுக்கிக்கொண்டு,
வாசலில் நின்று
போகாமல் விடுகிற ஒருத்தியின் குணம் அதற்கு.

"எண்ணுறீங்களா கா?" என்றாள், திரும்பாமலே.
"போலந்துப் பக்கத்து ஆட்டம். மசூர்க்கா.
ஆனா இதுக்கு ஆரும் ஆடுறல்ல."
"பிறகு?"
"பிறகென்ன. இருந்து கேக்கிறதுதான்."

இன்னொருக்கா வாசித்தாள். இரண்டரை நிமிசம்.
முடியும் என்று நான் பார்த்திருந்த சுரத்துக்கு
ஒன்று முன்னாலேயே கையை மடியில் வைத்துவிட்டாள்.
தாளில் அப்படித்தான் இருக்கிறதாம்.
அந்த மிச்சத்தில்
கல்லடிப் பக்கம் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.
சுரம் சேரவில்லை.

ஐந்தரைக்கு ஜெனரேற்றர் இருமி எழும்பியது.
மைக்கைத் தட்டி, வழக்கம்போல்:
ஹலோ, வன்
டூ...
த்ரீ.

"டூவை ஏன் இழுக்கிறாய்?" என்றான் றிப்கான்.
நேராகச் சொல்லிப் பார்த்தேன்.
வரவில்லை.