ஆறும் ஏழும்

என் இடது கால் ஆறாம் நம்பர்,
வலது ஏழு.
எனக்கு எந்தச் செருப்பும்
இரண்டு ஜோடி விலை.

நேரு வீதிக் கடைகளில் கெஞ்சி அலுத்து
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
தார்ப்பாய் மேல் கொட்டிக் கிடக்கும்
ஒற்றைகளைக் கிளறுவேன்.
"தேடுக்கா, எதுவும் தனியா பொறக்கல"
என்பார் ஜெய்லானி.

போன தையில் கிடைத்தது:
மிளகாய்ப்பழச் சிவப்பு,
பின்பட்டை, ஒரு இஞ்சு குதிகால்.
ஆறும் ஏழும், ஒரே மாடல்.
அன்று டூப்ளே சிலைக்கும்
பழைய கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே
நாலு தரம் நடந்தேன்,
ஒரு வேலையும் இல்லாமல்,
டக் டக்கென்று.

மணக்குள விநாயகர் கோயிலில்
டோக்கன் போடாமல் ஓரமாக விடுவேன்.
எடுத்தாலும் யார் காலுக்கு ஆகும்?

சங்கடஹர சதுர்த்தி.
வெளியே வந்தால் வெறும் தரை.

வெயில் மிச்சமிருந்த தாரில்
வெறுங்காலோடு, வாய்க்கு வந்தபடி
வைதுகொண்டே போனவள்
பாதி வீதியில் நின்றேன்.

அப்படியென்றால்
இந்த ஊரில் இன்னொருத்தி இருக்கிறாள்.

இப்போதெல்லாம் பஸ்ஸில், பால் பூத்தில்
நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
கண்டால் திருப்பிக் கேட்க மாட்டேன்.
வலது சுண்டுவிரலைக் கடிக்கும் அது,
தேங்காயெண்ணெய் தடவிக்கோ
என்று மட்டும் சொல்வேன்.