முப்பத்தெட்டு விலா

அறை பெரியது, பெரிய ரேடியேட்டராகப் பார்த்துச் சொல்லுங்கள்
என்றுதான் எல்விரா போனில் கூப்பிட்டாள்.
கௌனாஸில் அன்று மைனஸ் பதினான்கு.
மேட்டுத் தெருவில் என் வண்டி
இரண்டு முறை வழுக்கிப் பின்னால் வந்தது.

உள்ளே போனபோது
சுவர் இருந்த இடத்தில் தரையில் ஒரு தழும்பு,
பல் பிடுங்கிய ஈறுபோல.
நாடக அரங்குக்குத் திரை தைக்க ஒப்புக்கொண்டார்களாம்,
எட்டரை மீட்டர், கருஞ்சிவப்பு வெல்வெட்.
மடித்து வைத்துத் தைத்தால் தடம் விழும்,
அதனால் சுவரை இடித்துவிட்டார்கள்.
அக்கா எல்விரா. தங்கை ஜீத்தா.
பதினேழு வருடம் அந்தச் சுவருக்கு இருபுறமும் இருந்து
அவசரமென்றால்
பிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிப் பேசியவர்கள்.

நாடாவை நீட்டினேன்.
ஒன்பது. ஐந்து. உயரம் மூன்று இருபது.
நூற்று நாற்பத்து நான்கு கன மீட்டர் காற்று.
பழைய செங்கல், இரட்டைக் கண்ணாடி,
மேல்மாடியில் ஆள் குடியிருப்பு,
கன மீட்டருக்கு நாற்பது வாட் போட்டேன்.
ஐயாயிரத்து எழுநூற்று அறுபது.
இந்த வார்ப்பிரும்பில் ஒரு விலா நூற்றைம்பது தரும்.
வகுத்தால் முப்பத்தெட்டு, கொஞ்சம் சொச்சம்.

"புதிதாக எத்தனை?"
எல்விரா பணப்பையைத் திறந்தே வைத்திருந்தாள்.

குனிந்து எண்ணினேன்.
இவள் சன்னலடியில் இருபத்தாறு.
அவள் பக்கம் பன்னிரண்டு.
ஒன்றும் வாங்க வேண்டாம் என்றேன்.
உள்சுவர் போனதால் குளிர் கூடிவிடாது,
குளிர் வெளியிலிருந்து வருகிறது,
வெளிச்சுவர் நேற்று இருந்ததுதான்.
தொகை சரி.

அதோடு பென்சிலைக் காதில் செருகியிருக்கலாம்.
பழக்கதோஷம், பாதி பாதியாகவும் போட்டுப் பார்த்தேன்.
உங்கள் பாதிக்கு ஒரே ஒரு வெளிச்சுவர்,
பதினாறு போதும்.
அந்தப் பாதி மூலை,
வடக்கும் மேற்கும் திறந்து கிடக்கிறது,
அதற்கு இருபத்திரண்டு.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிறகு எல்விரா,
"சனவரியில்கூட
சன்னலைத் திறந்துவைத்துத்தான் தூங்குவேன்,
அவ்வளவு புழுக்கம்."

ஜீத்தா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை
ஒவ்வொன்றாக எடுத்து வெல்வெட்டில் குத்தினாள்.
"தெரியும். தெருவிலிருந்து பார்ப்பேன்."

"கையுறை போட்டுக்கொண்டு சமையலறைக்கு வருவாயே,
நான் தொட்ட பாத்திரத்தைத் தொடக்
கூசுகிறாய் என்று நினைத்தேன்."

"விரல் மரத்திருக்கும்."

அப்பா பொருத்தியதாம்.
மூத்தவளுக்கு எட்டு வயதில் நுரையீரலில் நீர்,
சின்னவள் அறையிலிருந்து பத்து விலாவைக் கழற்றி
இங்கே சேர்த்தார்,
இந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று.
எல்விராவுக்கு இப்போது அறுபத்தொன்பது.

விலா கழற்றுவது அரை நாள் வேலை.
நீளச் சாவியை உள்ளே விட்டுத் திருக வேண்டும்,
ஒரு பக்கம் வலப்புரி, மறுபக்கம் இடப்புரி.
மூன்றாவது இணைப்பு முரண்டு பிடித்தது.
பிறகு கறுப்புத் தண்ணீர்
மை புட்டி கவிழ்ந்ததுபோல வந்தது.
வெல்வெட்! என்று இருவரும் ஒரே குரலில் கத்தி,
ஆளுக்கொரு முனை பிடித்து
அறையின் அந்தக் கோடி வரை
திரையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.
நடுவில் இடிக்க ஒன்றும் இல்லை.

ஆறு மணிக்கு நீரைத் திறந்தேன்.
குழாய் இருமியது, உறுமியது,
காற்றெல்லாம் வெளியேறியதும் அடங்கியது.
மூலையில் இருபத்திரண்டும்
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சூடேறின.
ஜீத்தா உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள்.
"கொஞ்சம் அதிகமோ?"

பில்லை யார் பெயரில் எழுத என்று கேட்டேன்.
"என் பெயரில், கழற்றியது என்னிடமிருந்து."
"என் பெயரில், வந்தது எனக்கு."
"இத்தனை வருடம் வாய் திறந்திருந்தால்..."
"நீ ஒருநாள் உள்ளே வந்து பார்த்திருந்தால்..."
"வந்தால் கதவைச் சாத்துவாய்."
"குளிரும் என்றுதானே சாத்தினேன்!"

சீக்கிரம் முடிகிற சண்டையாகத் தெரியவில்லை.
நான் கோட்டைக் கழற்றி
நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு
உட்கார்ந்தேன்.